தனி உப்பு

அத்தியாயம் 11

போன வாரம் நாகலக்ஷ்மியை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குனிந்த கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஏற்கெனவே இடுப்பு வலிக்காரி. முதலில் அவளை நிமிர்த்திவிடுவோம்.

நிமிர்ந்தபோது அவள் கையில் ஒரு கட்டைப்பை இருந்தது. ஏதோ ஜவுளிக்கடையில் கொடுத்தது. உள்ளே புதுத் தவா, புதுக் கத்தி, புதுத் தோசைத் திருப்பி, சின்ன எண்ணெய் பாட்டில், மிளகுத்தூள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு உப்புப் பாக்கெட், முனையை வெட்டி ரப்பர் பேண்டு போட்டது.

தவாவைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அந்த உப்புதான் அவளை உலுக்கிவிட்டது.

சமையலறை ஷெல்ஃபில் கல் உப்பு ஒரு ஜாடி நிறைய இருக்கிறது. தூள் உப்பு ஒரு டப்பா இருக்கிறது. அதையெல்லாம் தொடாமல், தனியாக உப்பு வாங்கி ஒளித்துவைத்து ஒரு மனுஷன் சமைக்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நாகலக்ஷ்மி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூட்டிக் கழித்துப் பார்த்தாள். விடை வந்தது. வந்த விடை பிடிக்கவில்லை.

அந்த மனுஷன் அவளுடைய கணவர் ராஜாராமன். போன வருஷம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மாடம்பாக்கத்தில் இந்த வீடு கட்டிக் குடிவந்த நாள் முதல் அவர் அடுப்பைத் தொட்டதில்லை. பால் பொங்கினால்கூட, “நாகு, பால் பொங்குது” என்று ஹாலிலிருந்து தகவல் மட்டும் சொல்லும் ரகம். அப்படிப்பட்டவர் இரண்டு வாரமாக விடிகாலையில் எழுந்து சாண்ட்விச் செய்துகொண்டு வாக்கிங் போகிறார். “காலையில நல்லா வயிறு நிறைய சாப்பிடணும்னு டாக்டர் சொல்லிட்டார். உன்னை எதுக்கு எழுப்பணும்?” என்றார். நாகலக்ஷ்மியும் நம்பினாள், அந்தப் பை கையில் கிடைக்கும் வரை.

பையை இருந்த இடத்திலேயே வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ராத்திரி அவள் வைத்த வத்தக்குழம்பை ராஜாராமன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆகவே அவள் சமையல் அவருக்குக் கசக்கவில்லை. அப்படியென்றால் அந்த சாண்ட்விச் அவருக்கில்லை. வேறு யாரோ ஒருவருக்கு. நாகலக்ஷ்மியின் கை பட்ட உப்புகூட ஆகாத ஒருவருக்கு.

சனிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். நாகலக்ஷ்மி ஹால் சோபாவில் தலை வரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். இடுப்பு வலித்தால் அவள் அங்கே படுப்பது வழக்கம்தான். போர்வையில் ஒரு கண் பார்க்கிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தாள். அங்கிருந்து அடுப்பு நேராகத் தெரியும்.

சோபா பக்கத்து டீப்பாயில் ராஜாராமனின் போன் உறுமியது. திரையில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. ‘தனசிங் பிளம்பர்.’

வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை.

“ம்… வந்துடறேன். நீ சாப்பிடாம இருக்காதே” என்று கிசுகிசுத்தார் ராஜாராமன்.

பிளம்பரிடம் யாராவது இப்படிக் கொஞ்சுவார்களா? நாகலக்ஷ்மி போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர் பூனை மாதிரி நடந்துபோய்க் கட்டைப்பையை எடுத்துவந்தார். தவாவைக் கழுவித் துடைத்து அடுப்பில் வைத்தார். வாக்கிங் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கும் ஒரு வெங்காயமும் ஒரு தக்காளியும் வந்தன. கூடையில் கிலோ கணக்கில் கிடக்கிறதே, அதுவும் ஆகாதாம். உருளைக்கிழங்கை அப்பளம் கனத்துக்குச் சீவினார். எண்ணெய் விட்டு, மூடி போட்டு, மெல்லிய தீயில் வேகவிட்டு, மிளகுத்தூள் தூவிப் புரட்டி எடுத்துவைத்தார். பரவாயில்லையே, கற்றுக்கொண்டிருக்கிறாரே என்று ஒரு கணம் டீச்சர் மனசு பாராட்டிவிட்டது. உடனே அந்த மனசை அவள் அதட்டினாள்.

அடுத்து அவர் எடுத்ததைப் பார்த்து நாகலக்ஷ்மிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முட்டை!

சனிக்கிழமையும் அதுவுமாக முட்டை! மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் பெருமாளைப் பார்க்கத் திருநீர்மலை ஏறுகிற குடும்பம். மற்ற நாட்களில் மகள் ப்ரியாவுக்காக ஆம்லெட் உண்டு. சனிக்கிழமை முட்டை வாங்கிவந்தால் கடை பாக்கெட்டோடு வாசலிலேயே நின்றுவிடும். அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டதே இந்த ராஜாராமன்தான்.

அவரோ கூசாமல் முட்டைகளை உடைத்தார். பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு. அந்த உப்பு! பாக்கெட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு, மறுபடி சுற்றி வைத்தார். நன்றாக அடித்துத் தவாவில் ஊற்றினார். ஓரம் வேகும்போதே ரொட்டித் துண்டுகளை அந்த ஈரத்தின்மேல் பதித்து, லேசாக அழுத்தி, தோசைத் திருப்பியால் ஒரே வீச்சில் புரட்டினார். மேலே உருளைக்கிழங்கு வில்லைகள், தக்காளி, ஒரு சீஸ் துண்டு. ஒரு ரொட்டியை மற்றதன்மேல் மடித்து, இரண்டு பக்கமும் பொன்னிறமாகும் வரை பொறுமையாக நின்றார். ஒரு தடவை தவா சுட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

சாண்ட்விச்சா அது? ஒரு கட்டட வேலைக்காரர் சாப்பிட்டால் மத்தியானம் வரை பசிக்காது. இரண்டாக வெட்டி அலுமினியத் தாளில் சுற்றினார். தான் ஒரு துணுக்கு வாயில் போடவில்லை. பிறகு தவாவைத் தேய்த்துக் கழுவினார். கல்யாணமான நாள் முதல் அவர் தேய்த்துப் பார்த்த ஒரே பாத்திரம் அதுதான்.

கிளம்பும்போது சோபா பக்கம் வந்தார். நாகலக்ஷ்மி கண்ணை இறுக்கிக்கொண்டாள். விலகியிருந்த போர்வையை அவர் இழுத்து அவள் காலை மூடிவிட்டுப் போனார்.

முன்னெப்போதும் செய்யாத காரியம். அவள் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது.

“ப்ரியா! ஏந்திரிடி! வண்டிய எடு!”

“அம்மா, சனிக்கிழமைம்மா… ஒரு நாள்தாம்மா தூங்கறேன்…”

“உங்கப்பா என் தூக்கத்தைக் கெடுத்துட்டுப் போயிருக்கார், நீ தூங்கறியா? ஏந்திரி.”

ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கும் ப்ரியாவுக்கு அப்பா செல்லம் அதிகம். கண்ணைக் கசக்கிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினாள்.

“அப்பாவை ஃபாலோ பண்ணணுமா? அம்மா, நீ அப்பாவைச் சந்தேகப்படறியா?”

“சந்தேகம் இல்லடி. தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“ஏரிக்கரைல வாக்கிங் போறவர் எதுக்கு ஸ்கூட்டர்ல போறார்? எதுக்கு அயர்ன் பண்ண சட்டை? பிளம்பர் எதுக்குக் காலங்காத்தால போன் பண்றான்? நீ சொல்லு.”

ப்ரியா வண்டியைக் கிளப்பினாள். தூக்கமும் போய்விட்டது.

ராஜாராமனின் பழைய ஸ்கூட்டர் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி, கேம்ப் ரோடு சிக்னலில் நின்றது. ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால் ப்ரியா ஒண்டிக்கொண்டாள். மேம்பாலம் ஏறி இறங்கினால் ஜி.எஸ்.டி ரோடு.

“இடது பக்கம் திரும்பினா பொத்தேரி” என்றாள் நாகலக்ஷ்மி கலவரமாக.

“பொத்தேரில என்னம்மா? எல்லாம் காலேஜ் பசங்க.”

“பசங்க மட்டுமா இருக்காங்க?”

“அம்மா! அப்பாக்கு அறுபது வயசு!”

ஸ்கூட்டர் பொத்தேரிப் பக்கம் திரும்பவில்லை. வலது பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் போய், ஒரு ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் நுழைந்தது. நாகலக்ஷ்மியின் பயம் இப்போது வேறு பக்கம் திரும்பியது. இவருக்கே ஏதாவது உடம்புக்கு வந்து மறைக்கிறாரா?

கேட்டுக்கு எதிரே டீக்கடை. பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி, பொன்னி என்று கடையில் எல்லோரும் கூப்பிட்டார்கள், இவர்கள் தயங்கி நிற்பதைப் பார்த்தாள்.

“இன்னாமா, யாரைத் தேடிகினு கீறே?”

“இப்ப ஸ்கூட்டர்ல ஒரு சார் உள்ள போனாரே…”

“வெள்ள சொக்கா போட்டுகினு, பையோட? டெய்லி வராரேம்மா. அந்த அக்காவுக்கு டிபன் எடுத்துகினு வருவாரு. தங்கமான மனுசன். அது துன்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே குந்திகினு இருப்பாரு. டீ மட்டும் நம்ம கடைல.”

நாகலக்ஷ்மி பாய்லர் பக்கம் நெருங்கினாள். “எந்த அக்கா?”

“பேரெல்லாம் யாரு கேட்டா? ‘வூட்ல சொல்லிட்டியா’ன்னு அது கேக்கும். ‘வேணாம், அவளுக்குத் தெரிய வேணாம்’னு இவரு சொல்லுவாரு. நமக்கு இன்னாத்துக்கு அந்த பேஜாரு? டீ போடட்டா?”

டீ வேண்டாம் என்று ப்ரியா தலையாட்டினாள். அவள் முகமும் மாறியிருந்தது. இதுவரை விளையாட்டாக வந்தவள், இப்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாகலக்ஷ்மிக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருஷம் விடிகாலையில் எழுந்து வடித்த, அரைத்த, தாளித்த கை இது. இந்தக் கைக்கு இருந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாரா? கேட்டுவிட வேண்டும். கேட்காமல் இன்றைக்கு வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவளால் முடியாது.

வார்டுகளுக்குப் பின்னால் ஒரு புங்கமரம். அதன் கீழே சிமென்ட் பெஞ்சு. ராஜாராமன் அலுமினியத் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண், முதுகு மட்டும் தெரிந்தது. கசங்கிய காட்டன் புடவை, அவசரத்தில் அள்ளிச் செருகிய கொண்டை.

“என்னங்க” என்றாள் நாகலக்ஷ்மி.

ராஜாராமன் எழுந்த வேகத்தில் பை கீழே விழுந்தது. “நாகு! நீ எங்க இங்க…”

அந்தப் பெண் திரும்பினாள். இளைத்துக் கறுத்த முகம், கண்ணுக்குக் கீழே குழி. ஆனால் அந்த மூக்கும் நெற்றியும் ராஜாராமனுடையதேதான்.

சுபத்ரா. அவருடைய ஒரே தங்கை.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பல்லாவரத்து எட்மண்டைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போனவள். நாக்பூரில் இருப்பதாகத் தகவல். அன்றிலிருந்து நாகலக்ஷ்மியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவள் எத்தனையோ தடவை போன் போட்டுப் பார்த்தாள், அவள் எடுக்கவே மாட்டாள். வெட்கத்தில் ஒதுங்கிக்கொண்டாள் போல என்று நாகலக்ஷ்மி நினைத்து விட்டுவிட்டாள். நாத்தனார் என்றாலும் அவள்மேல் அவ்வளவு பிரியம்.

“சுபத்ரா! நீயாடி!” நாகலக்ஷ்மிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பாடா என்று இருந்தது. ராத்திரி முழுக்க என்னென்ன நினைத்தாள்! “ப்ரியா, உன் அத்தைடி இது! உன்னைக் கைக்குழந்தையா தூக்கி வெச்சுக்கிட்டு இறக்கவே மாட்டா!”

சுபத்ரா ப்ரியாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பக்கத்து வார்டில் எட்மண்ட் படுத்திருக்கிறார், நுரையீரல் கோளாறு, இரண்டு வாரமாக அவள்தான் கூட இருக்கிறாள் என்று ராஜாராமன் யாரும் கேட்காமலே வேகமாகச் சொல்லி முடித்தார்.

“இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?” என்று அவரை முறைத்துவிட்டு, நாகலக்ஷ்மி பெஞ்சில் இருந்த சாண்ட்விச்சில் பாதியை எடுத்து நீட்டினாள். “நீ முதல்ல சாப்பிடு. ஆறிடப்போகுது. முகத்தைப் பாரு, எப்படி இருக்கு.”

சுபத்ரா வாங்கவில்லை. ஒரு அடி பின்னால் போனாள்.

“வேணாம் அண்ணி. உங்க கை பட்டதை நான் சாப்பிட மாட்டேன்.”

நாகலக்ஷ்மிக்குப் புரியவில்லை. “என்னடி சொல்றே?”

“எட்மண்டை ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல போட்டு அடிச்சாங்களே, அன்னைக்கு எடுத்த முடிவு. சாகற வரைக்கும் உங்க கையால ஒரு வாய் தண்ணிகூட குடிக்கறதில்லைன்னு. அண்ணாவுக்குத் தெரியும். உப்புகூட நீங்க தொட்டதில்லைன்னு தினம் சத்தியம் பண்ணித்தான் சாப்பிட வைக்கறான்.”

தவா, கத்தி, பாக்கெட்டில் வந்த வெங்காயம், ரப்பர் பேண்டு போட்ட உப்பு. எல்லாவற்றுக்கும் இப்போது நாகலக்ஷ்மிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான்.

“நான் என்ன பண்ணினேன்?”

“எந்த ஆபீஸ், எந்த நேரம்னு அப்பாகிட்ட நீங்கதானே சொன்னீங்க?” சுபத்ரா அவளை நேராகப் பார்த்தாள். “ஆள் வெச்சு வந்தார். எட்மண்டுக்கு இடது காது அன்னையோட போச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் கேக்காது. உங்களைத்தானே அண்ணி நான் அம்மா மாதிரி நினைச்சேன்?”

“சுபத்ரா, எனக்கு எந்த ஆபீஸ்னே தெரியாதுடி. நீ போறதே எனக்குத் தெரியாது. மாமா கத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தப்புறம்தான் விஷயமே தெரியும். நான்தான் சொன்னேன்னு உங்கிட்ட யாரு சொன்னா?”

“அண்ணா சொன்னான். ஆபீஸ் விஷயத்தை நான் அண்ணா ஒருத்தன்கிட்டதான் சொன்னேன். சாட்சிக் கையெழுத்துப் போட வரச் சொல்லி. அவன் உங்ககிட்ட சொல்லி, நீங்க…”

சுபத்ரா நிறுத்திவிட்டாள்.

மூன்று பெண்களும் ராஜாராமனைப் பார்த்தார்கள். அவர் கீழே விழுந்த பையை எடுத்துத் தூசி தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

“அப்பா” என்றாள் ப்ரியா. “யாருப்பா சொன்னது?”

“தாத்தா கண்டுபிடிச்சுட்டார்மா… ராத்திரி கூப்பிட்டு வெச்சு மிரட்டினார்… எனக்கு அடிப்பார்னு தெரியாது. பேசித் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவார்னுதான்…” அவர் தங்கையைப் பார்த்தார். “நான்னு தெரிஞ்சா உனக்குப் பொறந்த வீட்டுல யாருமே இல்லாமப் போயிடும்னு நினைச்சேன். ஒருத்தராவது வேணுமேன்னு…”

“அதுக்கு என்னைக் கொடுத்துட்டீங்க” என்றாள் நாகலக்ஷ்மி.

அவள் கத்தவில்லை. வகுப்பில் ஒரு கணக்கின் கடைசி வரியைப் படிக்கிற குரலில்தான் சொன்னாள். எடுக்கப்படாத போன்கள், தீபாவளிக்குத் தீபாவளி வாங்கிப் பீரோவில் மடித்துவைத்து, கொடுக்க ஆளில்லாமல் மற்றவர்களுக்குக் கொடுத்த புடவைகள், நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டபோதெல்லாம் ‘விடு நாகு, அவ புத்தி அவ்ளோதான்’ என்று இதே மனிதர் சொன்ன ஆறுதல். பிளம்பர் பெயரும் தனி உப்பும் எதற்காக? இரண்டு பெண்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிடக் கூடாது, அதற்காக. வேறொருத்தி இருந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது என்று தோன்றியது அவளுக்கு.

“நாகு, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்…”

வார்டு கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“எட்மண்ட் அட்டெண்டர் யாருங்க? பெரிய டாக்டர் கூப்பிடறார். வீட்டு ஆளுங்க வேற யாராவது இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க, முடிவு சொல்லணுமாம். சீக்கிரம்.”

சுபத்ராவின் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. இரண்டு எட்டு நடந்தாள். பழக்கத்தில் ராஜாராமனும் அவள் பின்னால் கிளம்பினார்.

அவள் நின்றாள். அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அண்ணி, நீங்க வாங்க. நீங்க மட்டும்.”

கையில் இருந்த சாண்ட்விச்சை நாகலக்ஷ்மி ப்ரியாவிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டு சுபத்ராவின் தோளைப் பிடித்தாள். சுபத்ரா இந்தத் தடவை விலகவில்லை.

“நாகு…” என்று கூப்பிட்டார் ராஜாராமன்.

ஒரு தடவை கூப்பிட்டாலே ஓடிவருகிற நாகு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.